கூலி பேச முதல் ஒரு அடி பீடிங்

அலுமாரிக்கு பீடிங் அடிப்பது எங்கட வீடுகளில் கடைசியாகக் கதைக்கிற விஷயம். பெட்டி செய்தாயிற்று, கதவு போட்டாயிற்று, பிணைச்சலும் பூட்டியாயிற்று, கையில் இருந்த காசும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் "ஓரத்துக்கு வடிவா ஏதாவது ஒண்டு அடிச்சு விடுங்கோவன்" என்று கேட்போம். கேட்கிற தொனியிலேயே "இதுக்குத் தனியாக் காசு கேட்டுடாதையுங்கோ" என்பதும் சேர்ந்து வரும்.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த ஓரத்தை ஒருக்காலாவது உங்கட கையால் செய்து பாருங்கள். காசு மிச்சம் பிடிக்கிறதுக்காக இல்லை. ஒரு தச்சருடைய வேலையைப் பறிக்கிறதுக்காகவும் இல்லை. ஒரு வேலைக்கு "இவ்வளவோ?" என்று வாயைப் பிளக்கிறதுக்கு முதல் அந்த வேலை என்ன என்று எங்கட கைக்குத் தெரிந்திருக்க வேணும். அதுக்காகத்தான்.

ஓரம் எதுக்கு?

பீடிங் என்றால் பலருக்கு அது ஒரு சோடனை. கலியாண வீட்டு வாழைமரம் மாதிரி, இருந்தால் வடிவு, இல்லாட்டில் பரவாயில்லை. உண்மையில் அது மூன்று வேலை செய்கிறது.

முதலாவது, மூடுகிறது. பிளைவூட்டை வெட்டினால் வெட்டுமுகத்தில் அடுக்கடுக்காய்க் கோடு தெரியும். எம்.டி.எஃப். பலகையை வெட்டினால் அந்த முகம் தண்ணீரை உறிஞ்சி ஊதும். குசினியில் சிங்குக்குக் கீழே இருக்கிற அலுமாரியின் அடி ஓரத்தைக் குனிந்து பார்த்தால் இது விளங்கும். அந்த வெட்டுமுகத்துக்கு மேல் ஒரு மரக்கீற்றை ஒட்டிப் பூச்சும் பூசிவிட்டால் தண்ணீருக்கு முதல் தடுப்பு அதுதான்.

இரண்டாவது, சமாளிக்கிறது. எங்கட சுவர்கள் நேராக இருப்பதில்லை. அலுமாரி நேராக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மேலே ஒட்டி, கீழே ஒரு விரல் இடைவெளி நிற்கும். மேசனுக்கும் தச்சருக்கும் இடையில் இருக்கிற அந்தப் பிணக்கைத் தீர்த்து வைப்பது ஒரு அங்குலச் சலாகைதான். சுவரின் வளைவை அதில் கோடு போட்டு எடுத்து, அந்தக் கோட்டுக்குச் சீவி, இடைவெளி தெரியாமல் பொருத்துவார்கள்.

மூன்றாவதுதான் வடிவு. அந்த வடிவும் நிழலால் வருகிறது. மட்டமான ஒரு கதவில் மூன்று மில்லிமீற்றர் ஆழத்துக்கு ஒரு படி இறக்கிப் பாருங்கள். யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறபோது அந்தப் படி ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். பென்சிலால் கீறினால் அந்தக் கோடு வராது. காலையில் மெல்லிசாகவும் பின்னேரம் தடிப்பாகவும் தெரிகிற கோடு அது. அச்சடித்த ஸ்ரிக்கரில் கோடு எந்த நேரமும் ஒரே மாதிரிக் கிடக்கும். கண் அதை ஒரு கிழமையில் கண்டுபிடித்துவிடும். பிறகு அதைப் பார்ப்பதையே விட்டுவிடும்.

கோயில் அடித்தளத்தில் இருக்கிற பட்டியல்

றவுட்டர் அலகுகள் விற்கிற பெட்டியைத் திறந்தால் ஓஜீ, கோவ், பீட், ரவுண்ட் ஓவர் என்று பெயர்கள் இருக்கும். யூரியூப்பில் பார்க்கிற பெடியள் எல்லாம் இந்தப் பெயர்களைத்தான் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். இவை ஏதோ வெளிநாட்டுச் சாமான் என்றொரு எண்ணமும் கூடவே வருகிறது.

அடுத்தமுறை திருவிழாவுக்குப் போகும்போது, கச்சான் வாங்கிக்கொண்டு நிற்கிற இடத்தில் இருந்தே மூலஸ்தானத்தின் வெளி அடித்தளத்தைப் பாருங்கள். சிற்ப நூல்கள் அதை அதிட்டானம் என்கின்றன. ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கிடைக் கோடுகள் ஏறிப்போகும். கீழே உபானம். அதற்கு மேல் மட்டமான முகத்தோடு ஜகதி. பிறகு உருண்டு புடைத்து நிற்கிற குமுதம். அதற்கு மேல் உள்ளே ஒடுங்கிப் போகிற கண்டம். அதற்கு மேல் நீட்டி நிற்கிற பட்டிகை. தாமரை இதழ் மாதிரி வளைந்து வருவது பத்மம். மேலே கூரை ஓரத்தில் வளைந்து இறங்குவது கபோதம்.

பெட்டியில் பீட் என்று இருப்பதை ஒரு சின்னக் குமுதம் என்று சொல்லலாம். ஓஜீயின் குழிவும் புடைப்பும் பத்மத்திலும் இருக்கிறது. உள்ளே ஒடுங்குகிற கண்டம் இல்லாவிட்டால் நிழல் விழாது. நிழல் விழாவிட்டால் குமுதம் புடைத்துத் தெரியாது. தேர் செய்கிற ஆசாரிமார் இந்த வரிசையைக் கல்லிலிருந்து மரத்துக்குக் கொண்டு போகிறார்கள். அலுமாரியின் மேல் ஓரத்துக்கு அதைச் சின்னதாக்கிக் கொண்டு வந்தால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

நாங்கள் அலுமாரிக்குள் வைத்திருக்கிற சொற்களையும் ஒருக்கால் பாருங்கள். அலுமாரி, மேசை, கதிரை, யன்னல் எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். லாச்சி ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. ஆனால் உளி, வாள், சீவுளி, கொட்டாப்புளி எல்லாம் எங்கட சொற்கள். பொருளின் பெயர் அதைச் செய்யச் சொன்னவர்களோடு வந்தது. கருவியின் பெயர் செய்தவர்களிடமே இருந்துவிட்டது. அலுமாரியைப் பற்றிக் கதைக்கும்போது நாங்கள் வாங்குகிறவர்களின் பாஷையில்தான் கதைக்கிறோம். செய்கிறவர்களின் பாஷை எங்களில் பலருக்குத் தெரியாது.

ஒரு அடி செய்வது எப்படி

மெஷின் இல்லாமல் தொடங்கலாம். தொடங்கவும் வேணும்.

பழைய கைவாள் ஒன்றின் தகட்டில் இரண்டு அங்குலத் துண்டு போதும். அரத்தால் அராவக்கூடிய உருக்கு அது. அதன் ஓரத்தில் எலிவால் அரத்தால் ஆறு மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு அரைவட்டப் பள்ளம் எடுங்கள். பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முனையை விடுங்கள். அதுதான் பீடிங்குக்கும் பலகைக்கும் இடையில் வாய்க்கால் எடுக்கும். பிறகு தகட்டின் இரண்டு முகத்தையும் எண்ணெய்க்கல்லில் மட்டமாகத் தேயுங்கள். இரண்டு வைரமான மரத்துண்டுகளை மூலைமட்டம் மாதிரி வெட்டி, நடுவில் இந்தத் தகட்டை வைத்து, இரண்டு போல்ட்டால் இறுக்குங்கள். கருவி முடிந்தது. கடையில் கேட்டால் இப்படி ஒன்று கிடைக்காது. செய்வதற்கு ஒரு பின்னேரம் போதும்.

பலகை நேர் நாராக இருக்க வேணும். மகோகனி, தேக்கு நல்லது. மரக்காலையிலோ, பக்கத்துத் தச்சுப் பட்டறையிலோ வெட்டுத்துண்டு கேட்டால் கிடைக்கும். பெட்டி உடைத்த பைன் பலகை சுரண்டுறதுக்குச் சரிவராது, நார் பிய்ந்துகொண்டு வரும். இடித்த வீட்டுப் பழைய யன்னல் சட்டம் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். ஆணி எல்லாம் கழற்றியாயிற்றா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வளவில் நிற்கிற மரத்தை வெட்டலாம் என்று நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள். 1951 இல் வந்த மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்ட அனுமதி வேணும். ஒரு அடி பீடிங்குக்கு மரம் சாய்க்கத் தேவையும் இல்லை.

கருவியைப் பலகையின் ஓரத்தில் அணைத்து, போகிற திசைக்குக் கொஞ்சம் சரித்துப் பிடித்து, மெல்லத் தள்ளுங்கள். முதலில் தூர முனையில் குறுகிய இழுப்பு. பிறகு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்னுக்கு வந்து நீள இழுப்பு. அழுத்தினால் துள்ளும். நார் எழும்பினால் திசையை மாற்றுங்கள். மாவு மாதிரித் தூள் வந்தால் தகட்டின் ஓரம் மழுங்கிவிட்டது. மெல்லிய சுருள் வந்தால் சரி. கொஞ்ச நேரத்தில் கருவியின் உடம்பு பலகையில் முட்டும். அதோடு சுரண்டுவது தானாக நின்றுவிடும். ஆழம் அளக்கிற வேலையே இல்லை.

முக்கியமான விஷயம், கீற்றை முதலில் அறுத்துவிட்டு உருவம் எடுக்க வெளிக்கிடாதீர்கள். அகலப் பலகையின் ஓரத்தில் உருவத்தை எடுத்து, உரைதாள் போட்டு, எல்லாம் முடிந்த பிறகு அந்த ஓரத்தை மட்டும் கீற்றாக அறுத்து எடுக்க வேணும். மெல்லிய கீற்று வளையும், பிடிக்க இடமும் இருக்காது. உரைதாளையும் சும்மா மடித்துத் தேய்த்தால் இவ்வளவு நேரம் எடுத்த கூர்மை எல்லாம் அழிந்துவிடும். ஒரு உருண்டைக் குச்சியில் சுற்றி, உருவத்துக்குள் ஓடவிடுங்கள். 120, பிறகு 180, பிறகு 240.

றவுட்டரோ, கைக்கு அடக்கமான ட்ரிம்மரோ வைத்திருக்கிறவர்களுக்கு இந்த விதி இன்னும் முக்கியம். அந்த அலகு நிமிடத்துக்கு 25,000, 30,000 தடவை சுற்றுகிறது. மெல்லிய கீற்றைக் கொடுத்தால் பிடுங்கி எறியும், அதோடு விரலும் போகலாம். அலகு சுற்றுகிற திசைக்கு எதிராகத்தான் நகர்த்த வேணும். ஒரேயடியாக முழு ஆழமும் எடுக்காமல் இரண்டு மூன்று தடவையாக எடுங்கள். கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995 இலேயே சேர்த்துவிட்டது. பட்டறைகளில் நாள் முழுக்க முகமூடி இல்லாமல் நிற்கிறவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர்கள் சொல்கிற கூலிக்குள் அந்தத் தூளும் இருக்கிறது.

எட்டு வெட்டும் ஒரு மாரியும்

கீற்று கையில் வந்ததும் வேலை முடிந்த மாதிரி இருக்கும். பாதிதான் முடிந்திருக்கும்.

ஒரு கதவைச் சுற்றி பீடிங் வைக்க நாலு மூலை. ஒரு மூலைக்கு இரண்டு வெட்டு. மொத்தம் எட்டு வெட்டு, ஒவ்வொன்றும் 45 பாகை. ஒவ்வொரு வெட்டிலும் அரைப் பாகை ஒரே பக்கத்துக்குப் பிசகினால் என்ன நடக்கும்? முதல் மூன்று மூலையும் இறுக்கிப் பொருத்திவிடலாம். நாலாவது மூலையில் எல்லாப் பிசகும் சேர்ந்து நாலு பாகையாக வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அரைப் பாகை என்பது வாளைப் பிடித்த மணிக்கட்டு கொஞ்சம் சரிந்தாலே வந்துவிடுகிற அளவு. பக்கங்களின் நீளமும் அப்படித்தான். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசப்பட்டாலும் மூலை காட்டிக்கொடுக்கும். ஒரு நல்ல தச்சர் எதிரெதிர்ப் பக்கங்களை ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பிடித்து அறுப்பது ஏன் என்று அப்போது விளங்கும்.

பிறகு மரம் அசையும். மாரியில் கதவு இறுகுவதும் சித்திரையில் இடைவெளி விழுவதும் எல்லார் வீட்டிலும் நடக்கிற விஷயம். ஈரம் குடித்தால் மரம் அகலவாக்கில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அது கிட்டத்தட்ட அசைவதே இல்லை. இதனால் வருகிற சிக்கல் என்னவென்றால், அகலமான ஒரு முழு மரப்பலகையின் குறுக்கே பீடிங்கை வைத்து முழு நீளத்துக்கும் பசை பூசி ஒட்டினால், பலகை அசையப் பார்க்கும், பீடிங் விடாது. ஒரு மாரியும் ஒரு கோடையும் போக, பலகை வெடிக்கும் அல்லது பீடிங் கழரும். அலுமாரியின் பக்கப் பலகையில் மேல் பீடிங் வைக்கும்போது முன்மூலையில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மட்டும் பசை பூசி, மிச்சத்தைச் சின்ன ஆணியால் பிடித்து விடுவது இதனால்தான். சட்டத்துக்குள் இருக்கிற கதவுப் பலகைக்குப் பசை பூசாமல் காடிக்குள் சும்மா நிற்க விடுவதும் இதனால்தான்.

பழைய வீடுகளின் கதவுகளைப் பார்த்து "அந்தக் காலத்து மரம், அதுதான் நிக்குது" என்று சொல்வோம். மரம் ஒரு காரணம். எங்கே பசை பூசக்கூடாது என்று தெரிந்த ஒருவர் அதைச் செய்தார் என்பது மற்றக் காரணம். மரத்தைப் புகழ்கிறோம், அந்த ஆளின் பெயர் எங்களில் எவருக்கும் தெரியாது.

ஒருத்தருக்குச் சாதி, இன்னொருத்தருக்கு ஹொபி

இனி இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கட ஊர்களில் தச்சுத் தொழில் ஒரு சாதியோடு கட்டப்பட்டிருந்தது. இப்பவும் முழுதாய் அவிழவில்லை. புது வீட்டுக்கு நிலை வைக்கிற நாளில் ஆசாரியாருக்கு வெற்றிலை, பாக்கு, வேட்டி, காசு எல்லாம் வைத்து மரியாதை செய்வோம். அந்த மரியாதைக்கு நல்ல நேரம் பார்த்திருக்கும். நேரம் முடிந்ததும் மரியாதையும் முடிந்துவிடும். வயதில் மூத்த அந்த மனிசனை வீட்டில் இருக்கிற சின்னப் பெடியன் பேர் சொல்லிக் கூப்பிடுவான். தேத்தண்ணி வேறு கோப்பையில் போகும். இதைப் பார்த்து வளர்ந்த அவருடைய பிள்ளைகள் உளியைத் தொடாமல் விட்டதில் என்ன ஆச்சரியம்? "இந்தக் காலத்துப் பெடியள் தொழில் பழகுறாங்கள் இல்லை" என்று குறைசொல்கிறவர்கள், அந்தத் தொழிலோடு என்ன ஒட்டிக்கொண்டு வந்தது என்பதைச் சொல்வதில்லை.

இன்னொரு பக்கத்தில், அதே வேலையை ஒரு வெளிநாட்டுக்காரர் நல்ல வெளிச்சம் போட்டு, மெல்லிய இசையும் போட்டு வீடியோவாக வெளியிட்டால், அதுக்கு வூட்வேர்க்கிங் என்று பெயர். ஒரு இஞ்சினியர் சனிக்கிழமையில் செய்தால் ஹொபி. உளியும் சீவுளியும் அதே உளியும் சீவுளியும்தான். ஒருத்தருக்குச் சாதியாகவும் இன்னொருத்தருக்கு ஹொபியாகவும் இருப்பது வேலையின் குணம் இல்லை, பார்க்கிறவர்களின் குணம்.

"அப்ப நீரும் ஹொபிக்காரரைத்தானே கூட்டுறீர்" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பொழுதுபோக்காகச் செய்துவிட்டு, இரண்டு படம் போட்டுவிட்டு, "நான் என்ரை கையால செய்தனான்" என்று சொல்வதோடு நின்றால் அது சுரண்டல்தான், மரத்தைச் சுரண்டுவது இல்லை. நான் கேட்பது வேறு. ஒரு அடி செய்து பார்த்தவர் அடுத்தமுறை பட்டறைக்குப் போகும்போது வேறு விதமாகக் கதைப்பார். "ஓரத்துக்கு ஏதாவது அடிச்சு விடுங்கோ" என்று கேட்க அவருக்கு வாய் வராது. "எத்தனை அடி வரும், அடிக்கு என்ன கணக்கு?" என்று கேட்பார். முழுக் கொந்தராத்துக்குள் பீடிங்கை ஒளித்து வைக்காமல் தனி வரியாக எழுதச் சொல்வார். முற்பணம் கொடுப்பார். மழைக்கு இரண்டு நாள் பிந்தினால் மரம் காய வேணும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

தொழிலாகவே பழக விரும்புகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபை போன்ற அரச நிறுவனங்களின் ஊடாக மரவேலைக்கு என்.வி.கியூ. சான்றிதழ் எடுக்கலாம். அந்தச் சான்றிதழ் ஒரு சாதியின் பெயரைக் கேட்பதில்லை. பெட்டையளுக்கும் இதைச் சொல்ல வேணும். சட்டைக் கழுத்துக்கு பைப்பிங் வைத்து மூலையில் சுருக்கம் விழாமல் திருப்பத் தெரிந்த ஒருவருக்கு, பீடிங் என்றால் என்ன என்று விளக்கத் தேவையே இல்லை. ஓரத்தை மூடுவது, மூலையைத் திருப்புவது, துணியின் நேர்நூலைப் பார்ப்பது எல்லாம் அதே புத்திதான். அவருக்குத் தையல் மெஷினைக் கொடுத்துவிட்டு வாளை மட்டும் ஏன் ஒளித்து வைக்கிறோம்?

மலிவு ஓரங்கள் பற்றி

பி.வி.சி. பட்டி ஒட்டுவதற்கு நான் எதிரி இல்லை. சிங்குக்குப் பக்கத்தில், தண்ணீர் தெறிக்கிற இடத்தில், மெலமைன் போட்டின் ஓரத்துக்கு அதுதான் பொருத்தம். அது தன்னை பி.வி.சி. என்றே சொல்லிக்கொண்டு நிற்கிறது, அதில் பொய் இல்லை.

நான் மல்லுக்கு நிற்பது, செதுக்கின மரம் மாதிரி அச்சில் வார்த்து, பின்னால் பசைத்தாள் ஒட்டி, உருட்டி விற்கிற ஓரங்களோடு. அடுப்புச் சூட்டில் பசை இளகி ஒரு முனை கழரும். ஒரு அடி உடைந்தால் அதே உருவம் கடையில் இருக்காது, அடுத்த கொள்கலனில் வேறு உருவம் வந்திருக்கும். அப்போது முழுவதையும் பிடுங்கி மாற்ற வேணும். நீங்கள் அராவின தகடோ லாச்சிக்குள் ஒரு மூலையில் கிடக்கும். பத்து வருசம் கழித்து அலுமாரியின் ஒரு மூலை உடைந்தாலும், அதே தகட்டை எடுத்து, அதே உருவத்தில் ஒரு அடியை மட்டும் செய்து வைக்கலாம். மலிவு எது என்பதை வாங்குகிற நாளில் மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் பீடிங் வேணும் என்றும் இல்லை. சீதன அலுமாரிக் காலத்தில் இருந்து எங்களுக்கு ஒரு பழக்கம், எவ்வளவு பூவேலை இருக்கோ அவ்வளவு பெறுமதி என்று. சின்ன அறைக்குள் நாலு அடுக்குப் பீடிங்கோடு ஒரு அலுமாரி நின்றால் அது மூச்சுமுட்டும், தூசியும் பிடிக்கும். பல இடங்களில் ஓரத்தை 45 பாகைக்கு ஒரு தடவை சீவி விட்டாலே போதும். அந்த ஒற்றைச் சீவலைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே அகலத்தில் எடுத்துப் பாருங்கள், அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

வீடு யாருடைய வேலை?

இது வெறும் அலுமாரிக் கதை இல்லை. போர்க்காலத்தில் சனம் விட்டுவிட்டுப் போன வீடுகளில் முதலில் காணாமல் போனவை கதவும் யன்னலும் நிலையும்தான். வலிகாமம் வடக்கில் காணி விட்ட பிறகு திரும்பிப் போனவர்கள் பலர் கண்டது, நிலை பிடுங்கின ஓட்டைகளோடு நின்ற சுவர்களை. பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபா கிடைத்தது. அதற்குள் அத்திவாரம், சுவர், கூரை எல்லாம் முடிய, கதவுக்கு மிஞ்சியது எவ்வளவு என்று கட்டினவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் திட்டத்தில் வீட்டுக்காரரே தாங்கள் விரும்பின மேசனையும் தச்சரையும் பிடித்துக் கட்டினார்கள். காசு ஊருக்குள் சுற்றியது.

2015, 2016 காலத்தில் 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் என்ற பேச்சு வந்தபோது எழுந்த எதிர்ப்பில் சூடு, துரு, விலை எல்லாம் பேசப்பட்டன. கூடவே இன்னொரு கேள்வியும் இருந்தது: கொண்டுவந்து பூட்டிவிட்டுப் போகிற வீட்டில் எங்கட மேசனுக்கும் தச்சருக்கும் என்ன வேலை? அந்தக் கேள்வியை அரசாங்கத்திடம் கேட்க எங்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கட குசினிக்கு பான்ட்ரி கபேட் போடும்போது எங்களிடமே கேட்பதற்குத்தான் மறந்துவிடுகிறோம். வெளிநாட்டில் இருந்து அண்ணா அனுப்பின காசில் கொழும்பிலிருந்து பெட்டி பெட்டியாய் வந்து இறங்கும். ஊர்த் தச்சரைக் கூப்பிடுவது கழன்ற பிணைச்சலைப் பூட்டுறதுக்கு மட்டும்தான்.

ஆகவே வருகிற சனிக்கிழமை ஒரு வெட்டுத்துண்டும் ஒரு பழைய வாள்தகடும் தேடுங்கள். ஒரு அடி பீடிங் எடுத்து, அதை நாலாக வெட்டி, ஒரு சின்னச் சட்டமாக மூலை சேர்த்துப் பாருங்கள். நாலாவது மூலை மூடுகிறதா என்று பாருங்கள். பிறகு உங்கட ஊர்ப் பட்டறைக்கு அந்தச் சட்டத்தைக் கொண்டுபோய்க் காட்டி, அந்த மூலையை எப்படி மூடுவது என்று கேளுங்கள். சொல்லித் தருவார்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டு. அதற்குப் பிறகும் அலுமாரி பீடிங்குக்கு அவர் சொல்கிற விலை கூட என்று தோன்றினால் தாராளமாகப் பேசுங்கள். அப்போது நீங்கள் இரண்டு பேரும் பேசுவது வேலையைப் பற்றியதாக இருக்கும்.